இத்தனை வாய்கள் இருந்தும் கடல் ஏன் பச்சையாகிறது? மிதவை உயிரிகளின் வேட்டை பற்றிய இழை

#1 உப்புக்காற்று

வணக்கம். விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கடலின் உணவுச் சங்கிலியை எங்களுக்கு ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். டயட்டத்தை (கண்ணாடி ஓடுள்ள ஒற்றைச் செல் பாசி) கோப்பிபாட் (இறால் இனத்தைச் சேர்ந்த, மில்லிமீட்டர் அளவுள்ள ஓடுடலி) தின்னும், கோப்பிபாட்டை மீன்குஞ்சு தின்னும், அதைப் பெரிய மீன் தின்னும். தேர்வுக்கு இது போதும். எனக்குத்தான் போதவில்லை.

இரண்டு சந்தேகங்கள். நல்ல வெளிச்சமும் சத்தும் கிடைத்தால் டயட்டம் ஏறக்குறைய ஒரு நாளில் இரட்டிக்கும் என்கிறார்கள். அப்படியானால் கடல் எப்போதும் பாசிக்குழம்பாக இருக்க வேண்டும், ஆனால் பெரும்பாலான நாட்களில் நீலமாகத்தான் இருக்கிறது. யாரோ தின்று தீர்க்கிறார்கள். அப்படித் தின்கிறவர்கள் இருக்கும்போது, விண்கோளிலிருந்து பார்த்தாலே தெரிகிற அளவுக்குச் சில காலங்களில் பச்சைப் பெருக்கு எப்படி வருகிறது? தின்கிறவர்கள் அப்போது எங்கே போகிறார்கள்?

#2 மீன்கொத்தி

நல்ல கேள்வி. பதில் தெரியாது, உட்கார்ந்து படிக்கப் போகிறேன்.

#3 ஆழ்கடல்

உப்புக்காற்று, பழைய விளக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். குளிர் மண்டலக் கடல்களில் குளிர்காலப் புயல்கள் நீரை நன்றாகக் கலக்கிவிடும். பாசிகள் ஆழத்துக்கும் மேலுக்குமாக அலைக்கழிக்கப்படுவதால் வெளிச்சம் போதாது. வசந்தத்தில் மேல்நீர் சூடாகித் தனி அடுக்காக நிற்கும். கீழே இருந்து வந்த சத்தும் மேலே இருக்கும், வெளிச்சமும் கிடைக்கும். உடனே பெருக்கு. 1953இல் ஸ்வெர்ட்ரூப் இதைக் கணக்காகவே எழுதிக் காட்டினார். கோப்பிபாட்டுக்கு ஒரு தலைமுறை வளர வாரக்கணக்கில் ஆகும், அதனால் அது பின்தங்கிவிடுகிறது. அது பெருகி வருவதற்குள் பச்சை வந்துவிடும். நான் கப்பலில் வேலை பார்த்த காலத்தில் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள்.

#4 நுண்ணாடி

ஐயா சொன்னது பாதிக்கு மேல் சரி. ஆனால் தின்கிறவர் என்றதும் எல்லாருக்கும் கோப்பிபாட் மட்டும் நினைவுக்கு வருவது ஏன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. வலையில் அதுதான் மாட்டும்.

இதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். பயிற்சிக் காலத்தில் ஒரு ஆய்வகத்தில் மாதக்கணக்கில் மிதவை உயிரிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். 200 மைக்ரான் கண்ணுள்ள வலையில் இழுத்து, ஃபார்மலினில் போட்டு வைத்த மாதிரிகள். எண்ணி முடித்து, "இந்தக் கடலில் மேய்வது கோப்பிபாட்தான்" என்று அழகாக அறிக்கையும் எழுதிக் கொடுத்தேன். பிறகு ஒருநாள் இன்னொருவர் வாளியில் மொண்டு வந்த கடல்நீரை, எதுவும் சேர்க்காமல் அப்படியே ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தட்டில் வைத்துப் பார்த்தேன். தட்டு முழுவதும் ஓட்டமும் சுழற்சியும். நுண்மயிர்களை அடித்து நீந்தும் சிலியேட்டுகள், சாட்டை போன்ற இரண்டு கசைகளால் சுழன்று நீந்தும் டைனோஃபிளாஜெல்லேட்டுகள், இன்னும் சின்னக் கசையுயிரிகள். எல்லாம் ஒற்றைச் செல் உயிர்கள். இவை வலைக்கண்ணில் புகுந்து போய்விடும். தப்பித் தவறி மாட்டினாலும் உறையில்லாத சிலியேட்டுகளில் ஏராளமானவை ஃபார்மலினில் சிதைந்து காணாமல் போகும். இருப்பதிலேயே அதிகம் தின்கிறவர்களை நான் எண்ணவே இல்லை. அந்த அறிக்கையை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

2004இல் கால்பெட், லாண்ட்ரி என்ற இருவர் உலகின் பல கடல்களில் செய்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். தாவர மிதவை உயிரிகள் ஒரு நாளில் உண்டாக்குவதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை இந்த நுண் வேட்டையாளர்களே தின்றுவிடுகின்றன. கோப்பிபாட் அளவுள்ளவை நேரடியாகத் தின்பது உலகக் கணக்கில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் வருகிறது.

#5 உப்புக்காற்று

அக்கா, மூன்றில் இரண்டு பங்கா? எங்கள் பாடத்தில் அவற்றின் பெயர்கூட இல்லையே. அப்புறம், கண்ணுக்கே தெரியாத ஒன்று எவ்வளவு தின்றது என்று எப்படி அளந்தார்கள்?

#6 நுண்ணாடி

நான் மிகவும் மதிக்கும் சோதனை அது. லாண்ட்ரியும் ஹாசெட்டும் 1982இல் வெளியிட்டார்கள். பெயர் நீர்த்தல் முறை.

தின்கிறதையும் தின்னப்படுகிறதையும் பிரிக்க முடியாது. இரண்டும் ஒரே அளவு, ஒரே சொட்டில் இருக்கின்றன. சரி, பிரிக்க வேண்டாம், அவற்றுக்கு இடையே இடைவெளியைக் கூட்டுவோம் என்று யோசித்தார்கள். கடல்நீரில் ஒரு பகுதியை மிக நுண்ணிய வடிகட்டியில் விட்டு உயிரே இல்லாத நீராக்க வேண்டும். அதை வடிகட்டாத நீரோடு வெவ்வேறு விகிதத்தில் கலந்து பாட்டில்களில் ஊற்ற வேண்டும். ஒன்றில் முழுவதும் வடிகட்டாத நீர், இன்னொன்றில் பாதி, வேறொன்றில் பத்தில் ஒன்று. எல்லாவற்றையும் 24 மணி நேரம் ஒரே வெளிச்சத்தில் வைக்க வேண்டும். சத்து குறையாமல் பார்த்துக்கொண்டால், ஒரு பாசி பிரிகிற வேகம் எல்லாப் பாட்டிலிலும் ஒன்றுதான், அக்கம்பக்கத்தில் எத்தனை பாசி இருக்கிறது என்பது அதற்குப் பொருட்டில்லை. ஆனால் வேட்டையாடுகிறவை இரையைச் சந்திக்கும் வாய்ப்பு, நீர்க்க நீர்க்கக் குறையும். ஆக நீர்த்த பாட்டிலில் பாசியின் நிகர வளர்ச்சி கூடுதலாகத் தெரியும். அளந்த புள்ளிகளைக் கோடாக இழுத்தால், கோட்டின் சரிவு தின்னப்பட்ட வேகம். வடிகட்டாத நீரே இல்லாத புள்ளிக்குக் கோட்டை நீட்டினால் அது பாசியின் உண்மையான வளர்ச்சி வேகம்.

#7 கணியன்

இந்தச் சோதனையில்தான் உங்கள் முதல் கேள்விக்கான பதிலும் இருக்கிறது, உப்புக்காற்று. பாட்டிலில் மனிதர்கள் செய்ததைக் குளிர்காலத்தில் கடல் தானாகவே செய்கிறது.

2010இல் பெஹ்ரன்ஃபெல்ட் வட அட்லாண்டிக்கின் விண்கோள் தரவுகளை எடுத்துப் பார்த்தார். பாசியின் மொத்த அளவு ஏறத் தொடங்குவது வசந்தத்தில் இல்லை. நடுக்குளிரில், கலப்பு மிக ஆழமாக இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. அந்த இருட்டில் பாசி மெதுவாகத்தான் வளரும். ஆனால் ஆழமான கலப்பில் தூய நீர் வந்து சேரச் சேர, பாசிகளும் அவற்றைத் தின்கிறவையும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகின்றன. சந்திப்பு குறைகிறது, தின்பது குறைகிறது. வளர்ச்சி சிறிதளவு, இழப்பு அதைவிடச் சிறிதளவு. அந்த மெல்லிய வித்தியாசம்தான் மாதக்கணக்கில் சேர்ந்து பெருக்காகிறது.

எனவே "தின்கிறவர்கள் எங்கே போகிறார்கள்" என்றால், அவர்கள் எங்கும் போவதில்லை. இரைக்கும் வாய்க்கும் நடுவே தண்ணீர் வந்துவிடுகிறது.

#8 ஆழ்கடல்

கணியன் தம்பி, அழகாகச் சொன்னீர்கள். ஆனால் ஸ்வெர்ட்ரூப்பை அவ்வளவு சீக்கிரம் ஓரங்கட்ட வேண்டாம். கண்ணுக்குத் தெரிகிற அந்தப் பச்சை, அதாவது மேல்நீரில் ஒரு லிட்டருக்கு எத்தனை பாசி என்பது, அடுக்கு பிரிந்து வெளிச்சம் கூடிய பிறகே எகிறுகிறது. நீங்கள் சொல்வது நீர்த்தூண் முழுவதுக்குமான, அதாவது மேலிருந்து ஆழம்வரை உள்ள எல்லாப் பாசியின் கூட்டுத்தொகை. இரண்டும் வேறு வேறு அளவுகள். எதைப் பெருக்கு என்று சொல்கிறோம் என்பதில்தான் பாதிச் சண்டை இருக்கிறது.

#9 கணியன்

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். வசந்தத்தில் வெளிச்சம் தொடர்ந்து கூடிக்கொண்டே போவதால், பாசியின் வேகமும் நாளுக்கு நாள் கூடுகிறது. துரத்துகிற சிலியேட் ஏறக்குறைய அதே வேகத்தில் பிரிந்தாலும், எப்போதும் ஒரு படி பின்னால் நிற்கிறது. பாசியின் வேகம் கூடுவது நின்ற அன்று சிலியேட் எட்டிப் பிடித்துவிடும். பெருக்கு வர வெளிச்சம் நிறைய இருக்க வேண்டும் என்பதைவிட, வெளிச்சம் கூடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது எனக்குப் பெரிய செய்தி.

#10 மீன்கொத்தி

ஒரு அடிப்படைக் கேள்வி கேட்கலாமா? கோப்பிபாட் எப்படித்தான் தின்கிறது? திமிங்கலம் மாதிரி வாயைத் திறந்து நீரைச் சலித்து எடுக்குமா?

#11 நுண்ணாடி

நீண்ட காலம் எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள். அதன் வாய்ப்பக்க உறுப்புகளில் சீப்புப் பற்கள் போல மயிர்கள் வரிசையாக இருக்கும். பார்த்தால் சல்லடை என்றுதான் தோன்றும்.

அந்த அளவில் தண்ணீர் நாம் அறிந்த தண்ணீராக நடந்துகொள்வதில்லை என்பதுதான் விஷயம். ஒரு மில்லிமீட்டர் உடலில், நூல்போன்ற ஒரு மயிருக்கு, தண்ணீர் தேனைப் போல் பிசுபிசுப்பாக இருக்கும். ஒவ்வொரு மயிரைச் சுற்றியும் ஒட்டிக்கொண்டு நகரும் நீரின் உறை தடிமனானது. பக்கத்து மயிரின் உறையோடு அது சேர்ந்துவிடும். தேனுக்குள் சீப்பைப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள், தேன் பற்களுக்கு இடையே புகாமல் சீப்போடு சேர்ந்தே வரும். சல்லடை என்று நினைத்தது துடுப்பாகிவிடுகிறது.

1981இல் கோல், ஸ்ட்ரிக்லர் இருவரும் அதிவேகப் படக்கருவியில் இதைப் பிடித்துக் காட்டினார்கள். கோப்பிபாட் தன் கால்களை அடித்து ஒரு மெல்லிய நீரோட்டத்தை உண்டாக்குகிறது. ஓட்டத்தோடு வரும் பாசியின் வாடை முன்கூட்டியே தெரிந்துவிடும். பாசி அருகில் வந்ததும் அந்தச் சீப்புக் கைகள் வெளிப்பக்கம் விரிகின்றன. விரிந்த இடைவெளிக்குள் பாசியும் அதைச் சுற்றியுள்ள நீரும் சேர்ந்து உறிஞ்சப்படுகின்றன. கைகள் மூடுகின்றன. குழந்தை இரு கைகளையும் குவித்துத் தும்பியைப் பிடிப்பது போல, ஒரு பொட்டலம் நீரோடு சேர்த்துப் பிடிக்கிறது. சுவை பிடிக்காவிட்டால் அப்படியே எறிந்தும்விடும்.

நான் கண்ணால் பார்த்த ஒன்று: ஒரு நீளச் சங்கிலி டயட்டம் குறுக்காக வந்து மாட்டிக்கொண்டது. கோப்பிபாட் அதை ஒரு முனை வாய்க்கு நேராக வரும்வரை திருப்பித் திருப்பி வைத்து, கரும்பை நுழைப்பது போல உள்ளே இழுத்தது. நுண்ணோக்கி வழியே அதைப் பார்த்தவர்கள் "வடிகட்டி" என்ற சொல்லை அதற்குப் பிறகு எழுத மாட்டார்கள்.

#12 மீன்கொத்தி

அப்பா! நன்றி.

#13 தீக்குச்சி

இழையில் இப்போதுதான் நுழைகிறேன். "மேய்ச்சல்" என்ற சொல்லின் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. மாடு புல்லின் நுனியைக் கடிக்கிறது, புல் மறுபடி துளிர்க்கிறது. டயட்டத்தை ஒன்று தின்றால் அந்த உயிர் முழுவதும் போய்விட்டது. அது ஒரே செல். ஆகவே இது வேட்டைதான், மேய்ச்சல் கிடையாது. மேய்ச்சல் என்று சொன்னவுடன், இரை அசையாமல் நிற்கிற புல் என்று மனதில் பதிந்துவிடுகிறது. உண்மையில் இரையும் சும்மா இருப்பதில்லை.

இரவில் அலை உடையும்போது நீலமாக மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் டைனோஃபிளாஜெல்லேட்டுகள் செய்யும் வேலை. கோப்பிபாட் நெருங்கித் தொட்டால், நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் ஒரு ஒளிவீச்சு. இசையாஸ், கர்ல் இருவரும் 1972லேயே காட்டியது: நன்றாக ஒளிரும் செல்களைக் கோப்பிபாட் குறைவாகவே தின்கிறது. ஒளி கோப்பிபாட்டைத் திடுக்கிட வைக்கிறது என்பது ஒரு விளக்கம். அந்த ஒளி கோப்பிபாட் இருக்கும் இடத்தை மீனுக்குக் காட்டிக்கொடுக்கிறது, திருடன் புகுந்த வீட்டில் கூச்சல் போடுவது போல என்பது இன்னொன்று. இரண்டாவது எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் இரை தன்னைத் தின்ன வந்ததைத் தின்கிறவனை அழைக்கிறது.

அப்புறம் வாடை. கோப்பிபாட் நீந்தும்போது அதன் உடலிலிருந்து சில கொழுப்பு வகைப் பொருட்கள் நீரில் கசிகின்றன. 2015இல் சுவீடனின் கோதன்பர்க் ஆய்வாளர்கள் அவற்றைப் பிரித்தெடுத்துக் கோப்பிபோடமைடு என்று பெயரிட்டார்கள். கோப்பிபாட் இல்லாமல், அந்தப் பொருளை மட்டும் மிகமிகக் குறைந்த அளவில் நீரில் விட்டாலே அலெக்சாண்ட்ரியம் என்ற நச்சுப் பாசி தன் நச்சைக் கூட்டிக்கொள்கிறது. எதிரியைப் பார்க்கக் கண் இல்லாத ஒரு செல், எதிரியின் மணத்தை வைத்துக் கவசம் போட்டுக்கொள்கிறது.

#14 உப்புக்காற்று

டயட்டத்துக்கும் இப்படி ஏதாவது உண்டா? அதற்குக் கண்ணாடி ஓடு இருக்கிறதே?

#15 தீக்குச்சி

உண்டு. அதன் ஓடு சிலிக்கா. 2003இல் ஹாம் குழுவினர் மெல்லிய கண்ணாடி ஊசியால் ஒற்றை டயட்டத்தை அழுத்தி உடைத்து அளந்தார்கள். அந்த அளவுக்கு எதிர்பாராத உறுதி. கோப்பிபாட் தின்னும் சூழலில் வளர்த்தால் சில டயட்டங்கள் தங்கள் ஓட்டினை இன்னும் தடிமனாக்கிக்கொள்கின்றன என்றும் 2007இல் காட்டியிருக்கிறார்கள். எதிர்ப்பக்கம் என்ன தெரியுமா? கோப்பிபாட்டின் தாடை விளிம்பிலும் சிலிக்காப் பூச்சு உண்டு. கண்ணாடியைக் கடிக்கக் கண்ணாடிப் பல்.

மேலும் ஒன்று. டயட்டத்தை நிறையத் தின்ற தாய்க் கோப்பிபாட்டின் முட்டைகள் சரியாகப் பொரிவதில்லை. உடைந்த டயட்டத்திலிருந்து வரும் ஆல்டிஹைடு என்ற வேதிப்பொருட்கள் காரணம் என்று 1999இல் மிரால்டோவும் கூட்டாளிகளும் எழுதினார்கள். தின்றவளை விட்டுவிட்டு அவள் பிள்ளைகளைத் தாக்குவது.

#16 ஆழ்கடல்

இங்கே நான் குறுக்கிட வேண்டும். அந்த ஆல்டிஹைடு முடிவு ஆய்வகத்துக்குச் சரி. ஆனால் 2002இல் இரிகோயென் தலைமையில் உலகின் 12 பகுதிகளில், டயட்டம் மலிந்த உண்மையான கடல்நீரில் பார்த்தபோது, டயட்டம் கூடியதால் முட்டை பொரிப்பது குறைந்ததாகப் பெரும்பாலும் தெரியவில்லை. பாட்டிலில் ஒரே வகை டயட்டத்தை மட்டும் கொடுத்தால் வேறு வழியில்லாமல் தின்னும். கடலில் கோப்பிபாட் பொறுக்கித் தின்னும், நடுநடுவே சிலியேட்டையும் தின்னும். ஒரே உணவில் அடைத்து வைத்து எந்த உயிரின் சாப்பாட்டைப் பற்றியும் முடிவு கட்டக் கூடாது.

#17 தீக்குச்சி

சரி ஐயா, அந்த இடத்தில் நான் ஒரு பக்கத்தை மட்டும் சொன்னேன். எல்லா டயட்டமும் அந்தப் பொருளை உண்டாக்குவதும் இல்லை. திருத்தத்தை ஏற்கிறேன்.

#18 நுண்ணாடி

ஐயா சொன்ன கடைசி வரியில் முக்கியமான ஒன்று இருக்கிறது. கோப்பிபாட் சிலியேட்டைத் தின்கிறது. அதாவது பாசியைத் தின்கிறதைத் தின்கிறது. ஒரு சிலியேட்டைப் பிடித்தால் அது தனக்குப் போட்டியாக இருந்த வாயையும் குறைக்கிறது, அந்த வாயிடமிருந்து தப்பிய பாசி பெருகுகிறது. பாடப்புத்தகத்தின் ஒற்றைக் கோட்டுச் சங்கிலி இங்கேயே அறுந்துவிட்டது.

ஃபேயோசிஸ்டிஸ் என்ற பாசி இதை எப்படிக் கையாள்கிறது என்று பாருங்கள். அது தனிச் செல்லாகவும் வாழும், சளிக்கூட்டுக்குள் பல செல்கள் சேர்ந்த உருண்டையாகவும் வாழும். தனிச் செல் கோப்பிபாட்டுக்குச் சிறியது, சிலியேட்டுக்கு வாகான கவளம். உருண்டை சிலியேட்டின் வாய்க்குப் பெரியது, கோப்பிபாட்டுக்குச் சரியான கவளம். 2007இல் லாங் குழுவினர் கண்டது: சிலியேட் தின்ற நீரின் வாடையில் இந்தப் பாசி உருண்டை கட்டுவதைக் கூட்டுகிறது. கோப்பிபாட் தின்ற நீரின் வாடையில் உருண்டை கட்டுவதைக் குறைக்கிறது. எந்த எதிரி என்று பிரித்தறிந்து, அதற்கு எதிரான உருவத்தை எடுக்கிறது. ஒரு செல்!

#19 மீன்கொத்தி

இந்த டைனோஃபிளாஜெல்லேட் பாசியா, விலங்கா? மேலே பாசி என்றும் சொன்னீர்கள், தின்கிறது என்றும் சொன்னீர்கள். குழப்பமாக இருக்கிறது.

#20 நுண்ணாடி

குழப்பம் உங்களுடையது இல்லை, நம் சொற்களுடையது. "தாவர மிதவை", "விலங்கு மிதவை" என்று இரண்டாகப் பிரித்துப் பெயர் வைத்தது நாம்தான். பாதி டைனோஃபிளாஜெல்லேட் வகைகளுக்குப் பச்சையம் கிடையாது, அவை முழுநேர வேட்டைக்காரர்கள். பச்சையம் உள்ளவற்றிலும் பல, வெயிலும் காய்ந்துகொள்ளும், இரையும் தின்னும்.

புரோட்டோபெரிடினியம் வேட்டையாடுவதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். அதன் உடலைச் சுற்றிக் கெட்டியான தட்டுக் கவசம். வாய் என்று சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. தன்னைவிடப் பல மடங்கு நீளமான டயட்டச் சங்கிலியை எப்படி விழுங்குவது? முதலில் சங்கிலியைச் சுற்றிச் சுற்றி வரும். பிறகு ஒரு மெல்லிய இழையை அதன்மேல் ஒட்டும். சற்று நேரம் இரண்டும் சேர்ந்து மிதக்கும். அப்புறம் கசை வெளிவரும் துளை வழியே உடலின் உயிர்ப்பொருளே கண்ணாடித்தாள் போல வெளியே வழிந்து, இழையைப் பிடித்துப் போய், சங்கிலி முழுவதையும் போர்த்திவிடும். செரிமானம் உடலுக்கு வெளியே, அந்தப் போர்வைக்குள். டயட்டத்தின் பொன்பழுப்பு நிறம் மெல்ல மெல்ல வெளுக்கும். இருபது முப்பது நிமிடத்தில் போர்வை சுருங்கி உள்ளே போய்விடும். சங்கிலி அதே இடத்தில், அதே வடிவில், வெறும் கண்ணாடியாக மிதந்துகொண்டிருக்கும். நான் முதன்முறை பார்த்தபோது கைக்கடிகாரத்தைப் பார்க்க மறந்து, முழு நேரமும் கண்ணை எடுக்காமல் இருந்தேன்.

#21 தீக்குச்சி

இதோடு மெசோடினியம் கதையையும் சொல்லிவிடுங்கள் அக்கா!

#22 நுண்ணாடி

நீங்களே சொல்லலாம், ஆனால் ஆசையாக இருக்கிறது, சொல்கிறேன். மெசோடினியம் ரூப்ரம் ஒரு சிலியேட். கிரிப்டோஃபைட் என்ற சின்னப் பாசியைப் பிடித்துத் தின்னும், ஆனால் அதன் பசுங்கணிகத்தைச் செரிக்காது. எடுத்து வைத்துக்கொண்டு தன் உடலுக்குள் ஒளிச்சேர்க்கை செய்யும். அந்தக் கணிகங்களைப் பராமரிக்க இரையின் உட்கருவையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறது. நீரே சிவக்கும் அளவுக்கு அது பெருகுவதுண்டு.

இனி டைனோஃபைசிஸ். இது டைனோஃபிளாஜெல்லேட், சிப்பியில் சேர்ந்து மனிதருக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும் நச்சு இதனுடையது. பல காலம் யாராலும் இதை ஆய்வகத்தில் வளர்க்க முடியவில்லை. வெளிச்சம் கொடுத்தார்கள், சத்து கொடுத்தார்கள், செத்துப் போனது. 2006இல் கொரிய ஆய்வாளர்கள் மெசோடினியத்தை இரையாகக் கொடுத்தபோது வளர்ந்தது. ஒரு குழலை மெசோடினியத்தின் உடலில் குத்தி உள்ளிருப்பதை உறிஞ்சும், கூடவே அந்தத் திருட்டுக் கணிகங்களையும் எடுத்துக்கொள்ளும். அதாவது டைனோஃபைசிஸ் வெயிலில் சமைக்கும் அடுப்பு, திருடனிடமிருந்து திருடியது. இது "தாவரமா விலங்கா" என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்?

#23 உப்புக்காற்று

படித்துக்கொண்டே போகிறேன், தூக்கம் வரவில்லை. கோப்பிபாட்டை வேட்டையாடுபவை பற்றி யாராவது? அதுவும் வேகமாகத் தப்பும் என்று படித்தேன்.

#24 கணியன்

ஆபத்து தெரிந்து சில மில்லிநொடிக்குள் பாய்ந்துவிடும். பாய்ச்சலின் உச்சத்தில் நொடிக்கு உடல் நீளத்தைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு தூரம். அதன் உணர்கொம்பின் மயிர்கள் நீரின் மிகச் சிறிய நெளிவையும் உணரும். தன்னைச் சுற்றி நீர் திடீரென்று இழுபட்டால் போதும், ஓட்டம்தான்.

அப்படிப்பட்டதைக் கண்ணும் இல்லாத, வேகமும் இல்லாத சீப்பு ஜெல்லி (ஜெல்லிமீன் போன்ற கூழுடல் உயிர்) தின்று தீர்க்கிறது. நெமியாப்சிஸ் என்ற வகை தன் மடல்களுக்கு இடையே நுண்ணிழைகளால் நீரை ஓட்டுகிறது. அந்த ஓட்டம் கோப்பிபாட்டின் மயிர் உணரும் எல்லைக்குக் கீழே இருக்கும் அளவு மென்மையானது. கோப்பிபாட் உள்ளே வந்துவிட்டதே அதற்குத் தெரியாது. 2010இல் கோலின் குழுவினர் இதை ஒளிப்படமாக்கி அளந்தார்கள். இதே நெமியாப்சிஸை 1980களின் தொடக்கத்தில் கப்பல்கள் தம் அடித்தொட்டி நீரோடு கருங்கடலில் கொண்டுபோய்க் கொட்டின. அங்கே அதைத் தின்ன ஆளில்லை. அந்தப் பத்தாண்டின் முடிவில் கடல் முழுவதும் அதுவே. விலங்கு மிதவைகள் சரிந்தன, நெத்திலி மீன்பிடி வீழ்ந்தது. ஏற்கெனவே மிகையாக மீன் பிடித்ததும் சத்து மிகுந்து நீர் கெட்டதும் சேர்ந்துகொண்டன. 1997இல் பெரோயே என்ற இன்னொரு சீப்பு ஜெல்லி அங்கே தென்பட்டது. அது நெமியாப்சிஸைத்தான் தின்னும். அதன் பிறகுதான் நெமியாப்சிஸ் அடங்கியது.

#25 ஆழ்கடல்

கருங்கடல் கதையை நினைத்தால் இன்றும் மனது கனக்கிறது. ஒரு வாய் கூடினால் ஒரு கடலே மாறும்.

இதே பாடத்தை லோஹாஃபெக்ஸ் சோதனையும் கற்பித்தது. 2009இல் இந்தியாவும் ஜெர்மனியும் சேர்ந்து, போலார்ஸ்டெர்ன் கப்பலில் போய், தென்பெருங்கடலில் ஏறத்தாழ 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்புச் சத்தைக் கலந்தார்கள். பாசி வளரும், கார்பனை உறிஞ்சும், செத்து ஆழத்துக்குப் போகும் என்பது நம்பிக்கை. பாசி வளர்ந்தது. ஆனால் அங்கே நீரில் சிலிக்கா தீர்ந்திருந்ததால் கவச ஓடுள்ள டயட்டம் வளர முடியவில்லை. வளர்ந்தவை மென்மையான சிறு கசையுயிரிகள். கோப்பிபாட்டுகள் அவற்றை ஒரு கை பார்த்தன, அந்தக் கோப்பிபாட்டுகளைத் தெமிஸ்டோ என்ற பெரிய ஆம்பிபாடுகள் (இவையும் ஓடுடலிகள்தான்) தின்றன. ஆழத்துக்குப் போன கார்பன் மிகக் குறைவு. உரம் போட்டவர்கள், யார் தின்பார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது.

#26 உப்புக்காற்று

ஒரு வாரம் கழித்து வருகிறேன். கல்லூரியில் கெஞ்சி நுண் வடிகட்டியும் இரண்டு பாட்டிலும் வாங்கினேன். ஒன்றில் முழுக் கடல்நீர், இன்னொன்றில் கால் பங்கு மட்டும், மீதி வடிகட்டியது. இரண்டையும் ஒரு நாள் சன்னல் வெளிச்சத்தில் வைத்து, தொடக்கத்திலும் முடிவிலும் எண்ணினேன். நீர்த்த பாட்டிலில் பாசி எத்தனை மடங்கு கூடியதோ அதைவிட முழுநீரில் குறைவாகவே கூடியிருந்தது. ஒரே ஒரு தடவை செய்தது, அதனால் எண்களை இங்கே போடவில்லை. ஆனால் எண்ணும்போது ஒரு சிலியேட் தட்டின் ஓரத்தில் சுழன்றுகொண்டிருந்தது, அதன் வயிற்றுக்குள் ஒரு முழு டயட்டம் அப்படியே தெரிந்தது. ஓட்டின் கோடுகள்கூடத் தெரிந்தன.

நுண்ணாடி அக்கா, அடுத்த முறை எதை மாற்ற வேண்டும்?

#27 நுண்ணாடி

மிகுந்த மகிழ்ச்சி, தங்கச்சி. ஒவ்வொரு நீர்ப்புக்கும் மூன்று பாட்டில் வை. எல்லாவற்றிலும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சமமாகச் சேர், இல்லாவிட்டால் முழுநீரில் சத்து தீர்ந்துதான் வளர்ச்சி குறைந்தது என்று யாராவது கேட்பார்கள். நீரை மேலிருந்து ஊற்றாதே, குழாயின் முனையை நீருக்கடியில் வைத்து மெதுவாக இறக்கு. குமிழி வந்தால் சிலியேட் உடைந்துவிடும். எண்ண வைக்கும் மாதிரிக்கு ஃபார்மலின் வேண்டாம், லூகால் அயோடின் போடு, நீர் தேநீர் நிறத்துக்கு வரும் அளவுக்கு. போடுவதற்கு முன்னால் ஒரு சொட்டை உயிரோடு பார்த்துவிடு.